சமையலறை சிறியதா, சாமான்கள் அதிகமா?

 

"உங்கள் வீட்டுக்கு யாரையும் விருந்துக்கு அழைப்பதில்லையே, ஏன்?" என்று கேட்டால் இப்போதெல்லாம் நம் குடும்பங்களில் தயாராக இருக்கும் விடை, "சமையலறை மிகவும் சிறியது" என்பதுதான். பெருநாளன்று உடன்பிறந்தவரின் குடும்பத்தைக் கூப்பிடாததற்கும் அதுவே காரணம். நோன்பு துறக்க அண்டை வீட்டாரை அழைக்காததற்கும் அதுவே காரணம். வயதான மாமியாரை ஊரிலேயே தனியாக விட்டு வைத்திருப்பதற்கும் சில வீடுகளில் அதுவே காரணமாகச் சொல்லப்படுகின்றது. ஒருவர் நின்றால் மற்றவர் திரும்ப முடியாத அறையில் பத்துப் பேருக்கு எப்படிச் சமைப்பது என்று கேட்டுவிட்டால், கேட்டவரும் வாயை மூடிக்கொள்வார்.

இட நெருக்கடி பொய்யல்ல. சென்னை மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய வீடுகளைப் பிரித்து உண்டாக்கிய போர்ஷன்களில் குடியிருப்போருக்கு அது நன்றாகவே தெரியும். ஒரு சுவரை ஒட்டி மேடை, அதன் ஓரத்தில் பாத்திரம் கழுவும் தொட்டி, மேடைக்குக் கீழே சிலிண்டர், தலைக்கு மேலே பரண்; மிச்சமிருப்பது ஒருவர் நிற்கும் இடம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ, உம்மா, சாச்சி, லாத்தா என நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் விசாலமான அடுப்பங்கரையைப் பார்த்து வளர்ந்த பெண், கணவரின் வேலைக்காகச் சென்னைக்கு வந்து அந்த மேடை முன்னால் தனியாக நிற்கும்போது மனம் சுருங்கத்தான் செய்யும். சாப்பிடும் அறை தனியாக உள்ள வீட்டில் சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கின்றது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏறத்தாழ 54 சதுர அடி. அந்த அளவும் இல்லாத சமையலறைகளில்தான் நம் சமூகத்தின் பல வீடுகளில் மூன்று வேளையும் அடுப்பு எரிகின்றது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரில் புதிதாகக் கட்டப்படும் மாடி வீடுகளில் இப்போது இரண்டு சமையலறைகள் வைக்கின்றார்கள். ஒன்று வந்தவர்களுக்குக் காட்டுவதற்கு, மற்றொன்று உண்மையில் சமைப்பதற்கு. அந்த வீடுகளில் விருந்தாளிகள் நிரம்பி வழிகின்றார்களா? பெரும்பாலும் இல்லை. அங்கே சொல்லப்படும் காரணம் வேறு: "ஆள் கிடைப்பதில்லை", "வேலைக்காரப் பெண் வரவில்லை". ஆக, சுவர்களைத் தள்ளிக் கட்டினால் வாசல் திறந்துவிடும் என்று நினைப்பதற்கில்லை. சமையலறையைச் சிறியதாக்குவது பெரும்பாலும் அதற்குள் நாம் குவித்திருக்கும் சாமான்களும், அதற்குள் ஒரே ஒரு பெண்ணைத் தனியாக நிறுத்தி வைத்திருக்கும் நம் வழக்கமுமே என்பது நம் கருத்து.

நபி (ஸல்) அவர்களின் இல்லம் எவ்வளவு பெரியது என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் ஓர் அறிவிப்பிலிருந்தே அளந்துகொள்ளலாம். இரவுத் தொழுகையில் நபியவர்கள் ஸஜ்தாச் செய்யும்போது, முன்னால் படுத்திருக்கும் தம் கால்களை மடக்கிக்கொள்வதாகவும், அவர்கள் எழுந்து நின்றதும் மீண்டும் நீட்டிக்கொள்வதாகவும் அன்னையவர்கள் கூறுகின்றார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒருவர் தொழ மற்றவர் காலை மடக்க வேண்டிய அறை அது. அந்த வீடுகளில் இரண்டு மாதங்களுக்குள் மூன்று பிறைகளைப் பார்த்துவிடும் அளவுக்கு அடுப்பே மூட்டப்படாமல், பேரீச்சம்பழமும் தண்ணீருமாகக் காலம் கழிந்ததையும், அண்டை வீட்டு அன்சாரிகள் பால் கொடுத்தனுப்பியதையும் அதே அன்னைதான் சொல்கின்றார்கள். ஒரு விருந்தாளியை ஏற்க நபியவர்களின் வீடுகளில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத இரவில், அன்சாரித் தோழர் ஒருவர் அவரை அழைத்துச் சென்று, பிள்ளைகளுக்கு வைத்திருந்த உணவைக் கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டுத் தாமும் மனைவியும் சாப்பிடுவதுபோல் காட்டிக்கொண்ட நிகழ்வு நம் பிள்ளைகளுக்கு மதரஸாவிலேயே கற்பிக்கப்படுகின்றது. அந்த வீட்டில் மேடை எத்தனை அடி நீளம் என்று யாரும் கேட்டதில்லை.

இனி நம் சமையலறைக்குள் வருவோம். முதலில் பரணைப் பாருங்கள். பெண்ணுக்குச் சீராக வந்த பித்தளைத் தவலை, எவர்சில்வர் குடம், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சட்டிகள், இதுவரை பிரிக்கப்படாத டின்னர் செட். (சீர் கேட்பதும் வாங்குவதும் தனியே எழுத வேண்டிய கொடுமை, மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொல்லப்பட்ட சமூகம் பாத்திரம் எண்ணி வாங்கிக்கொண்டு நிற்கின்றது.) அவற்றில் கடந்த ஓராண்டில் கீழே இறங்கியவை எத்தனை? கீழ்த் தட்டில் பத்துப் பேருக்குச் சமைக்கும் தேக்சா. ஆண்டில் மூன்று முறை வேண்டிய அந்தப் பாத்திரத்துக்காக, முந்நூற்று அறுபது நாளும் வேண்டிய குக்கர் மேடை மேல் கிடக்கின்றது. மேடையில் குக்கர் கிடப்பதால் காய் நறுக்க இடமில்லை. காய் நறுக்க இடமில்லாததால் சமையலறை சிறியது.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பல ஊர்களில் பெரிய தேக்சாக்களும் சஹன்களும் கரண்டிகளும் ஜமாஅத்துக்குச் சொந்தமாக இருக்கும். விசேஷம் வந்தால் எடுத்துச் சென்று, முடிந்ததும் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள். யாரும் தம் வீட்டில் தனியாக வாங்கி அடைத்து வைத்ததில்லை. இந்த ஏற்பாட்டை நகரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் செய்யலாம். ஒரு தளத்தில் நான்கு முஸ்லிம் குடும்பங்கள் இருந்தால் நான்கு பிரியாணித் தேக்சாக்கள் எதற்கு? ஒன்று போதும். மாவு அரைக்கும் பெரிய கிரைண்டரையும் ஒருவர் வீட்டில் வைத்து, வாரத்துக்கு ஒரு நாள் ஒருவராக அரைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்தில் மாற்று மதத்தவர் இருந்தாலும் இடியாப்ப உழக்கையும் புட்டுக் குழலையும் கடன் வாங்கிக் கொடுப்பதற்குத் தடையேதும் இல்லை. சாதாரணமாகப் புழங்கும் சிறு பொருள்களைக்கூடக் கொடுக்க மறுப்போரைத் திருக்குர்ஆனின் 107ஆவது அத்தியாயம் கண்டிக்கின்றது. அந்தப் பொருள்களுக்கு எடுத்துக்காட்டாக விரிவுரையாளர்கள் சட்டி, வாளி, கோடரி போன்றவற்றைத்தான் சொல்லியிருக்கின்றார்கள். தொழுகையாளிகளைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில் சட்டி வந்து நிற்பதை நாம் எத்தனை முறை ஓதிக் கடந்திருக்கின்றோம்!

சாமான் குறைந்த பிறகு எஞ்சும் இடத்தைப் பயன்படுத்துவது பெரிய வித்தையன்று. தொட்டியின் மேல் பொருந்தும் பலகை ஒன்று வாங்கி வைத்தால், நறுக்கும் நேரத்தில் மேடை ஓரடி நீளும். வட்ட டப்பாக்களுக்குப் பதில் சதுர டப்பாக்கள் இருந்தால் ஒரு தட்டில் கூடுதலாக இரண்டு மூன்று அடங்கும். மூடிகளைக் கதவின் உட்புறத்தில் தொங்கவிடலாம். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைச் சமையலறையில் நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. மூடியுள்ள வாளியில் கொட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஐந்து கிலோ மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மசாலாப் பொடிகள் பன்னிரண்டு புட்டிகளில் வரிசையாக நிற்பது படத்துக்கு அழகு. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டி ஒன்றிலேயே அத்தனையையும் முடித்துவிட்டார்கள்.

இரண்டு அடுப்புகளில் விருந்து சமைப்பதற்கு வேண்டியது வரிசைமுறை. அடுப்பைப் பற்ற வைத்த பிறகு வெங்காயம் தேடுவதால்தான் மேடை போர்க்களமாகின்றது. ஊற வேண்டியவை முந்தின இரவே ஊற வேண்டும். நறுக்க வேண்டியவை அடுப்பு பற்றுமுன் நறுக்கி முடிந்திருக்க வேண்டும். அரைத்த மிக்ஸி கழுவப்பட்டுத் தன் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். அதன் பிறகு ஓர் அடுப்பில் குக்கர். அடியில் பருப்பும் மேல் தட்டில் அரிசியும் ஒரே ஆவியில் வெந்துவிடும். ஆவி அடங்கக் காத்திருக்கும் நேரத்தில் மற்றோர் அடுப்பில் ஆணம் கொதித்துத் தாளிப்பும் முடிந்துவிடும். விருந்தாளிகளுக்கு என்றால் ஒரே பாத்திரச் சமையல்தான் சிறிய சமையலறைக்கு ஏற்றது. ஒரு கிலோ அரிசியும் ஒரு கிலோ இறைச்சியும் போட்டால் எட்டு முதல் பத்துப் பேர் சாப்பிடலாம். சோற்றைத் தனியே வடித்துத் தம் போடும் முறைக்கு இரண்டு பெரிய பாத்திரங்களும் வடிக்க இடமும் வேண்டும். அதை விட்டு, சீரகச் சம்பா ஒரு கோப்பைக்குத் தண்ணீர் ஒன்றரைக் கோப்பை என்று அளந்து மசாலாவிலேயே வேகவிட்டால் ஒரு பாத்திரத்தோடு முடிந்தது. தண்ணீர் வற்றியதும் தேக்சாவுக்கு அடியில் தோசைக்கல்லை வைத்துச் சிறு தீயில் இருபது நிமிடம் விட்டால் அடியும் பிடிக்காது. கூடவே தயிர்ப் பச்சடி. இதற்கு மேல் கத்தரிக்காயும் வேண்டும், வறுத்த கோழியும் வேண்டும், இனிப்பும் இரண்டு வகை வேண்டும் என்று நாமே கூட்டிக்கொண்டு போய்விட்டுப் பிறகு சமையலறையைக் குறை சொல்வது முறையாகாது.

இருவரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது (புகாரி, முஸ்லிம்). சாப்பிட்டும் வயிறு நிறைவதில்லை என்று முறையிட்ட தோழர்களிடம், நீங்கள் தனித்தனியே சாப்பிடுகின்றீர்கள் போலும் என்று கேட்டு, சேர்ந்து அமர்ந்து அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூதில் உள்ளது. சஹனில் நான்கு பேர் சேர்ந்து சாப்பிடும் நம் ஊர் வழக்கத்தின் வேர் இதுவே. அதில் சமையலறைக்கும் ஒரு லாபம் உண்டு: பன்னிரண்டு பேர் சாப்பிட்டெழுந்தால் கழுவ வேண்டியவை மூன்று சஹன்கள்தாம். தனித்தனித் தட்டு, கிண்ணம், கரண்டி என்று வைத்தால் ஐம்பது உருப்படிகள் அந்தச் சிறு தொட்டிக்கு வந்து சேரும். கூடத்தில் சுப்ராவை விரித்துவிட்டால் சாப்பாட்டு மேசைக்கும் இடம் தேட வேண்டாம்.

ரமளானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது. அஸர் தொழுததும் நம் பெண்கள் அந்த அறைக்குள் நுழைகின்றார்கள். சமோசா, வடை, பஜ்ஜி, கட்லெட் எனக் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நோன்பு வயிற்றோடு ஒன்றரை மணி நேரம். சன்னலும் இல்லாத சமையலறையில் அந்தப் புகையும் வெக்கையும் எப்படியிருக்கும் என்பதை, கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும் நாம் ஒரு நாள் உள்ளே நின்று பார்த்தால் தெரியும். துஆ ஏற்றுக்கொள்ளப்படும் என்று நாம் நம்பும் அந்தக் கடைசி நிமிடங்களில் அவர்கள் சட்டியில் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கின்றார்கள். பாங்கு சொல்லும்போது ஈரக் கையோடு ஓடி வந்து ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போடுகின்றார்கள். இப்படி முப்பது நாள்! நோன்பாளிக்குச் சமைப்பது நன்மைதான், அதில் ஐயமில்லை. ஆனால் நான்காவது வகைப் பலகாரம் இல்லாவிட்டால் முகம் சுளிக்கும் கணவரும் பிள்ளைகளும், அவர்களின் வணக்கத்தில் எதைக் குறைத்துத் தம் தட்டில் கூட்டிக்கொள்கின்றோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் (புகாரி, முஸ்லிம்).

தமிழக முஸ்லிம்களுக்கு இதிலும் ஓர் அருள் வாய்த்திருக்கின்றது: பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப் பால், வசதியிருந்தால் கொத்துக்கறி என்று ஒரே கொப்பரையில் முழு மஹல்லாவுக்கும் ஆகின்றது. அதற்கான பச்சரிசியை அரசும் பல ஆண்டுகளாகப் பள்ளிவாசல்களுக்கு வழங்கி வருகின்றது. தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கி வரும் அந்தக் கஞ்சியை ஏழைகளுக்கான ஏற்பாடு என்று எண்ணிச் சிலர் வாங்க வெட்கப்படுகின்றார்கள். உண்மையில் அது ஒரு மஹல்லாவின் பொதுச் சமையலறை. நூறு வீட்டு அடுப்புகளின் வேலையை ஓர் அடுப்பு எடுத்துக்கொள்கின்றது. கஞ்சி, பேரீச்சம்பழம், ஏதேனும் ஒரு வடை. இவ்வளவு போதும் என்று ஒரு வீடு முடிவெடுத்தால், அந்தச் சமையலறையில் இருந்த பெண்ணும் மஃரிபுக்கு முன் முஸல்லாவில் அமர்ந்திருப்பார்.

குர்பானி நாள்களில் மற்றொரு காட்சி. குளிர்ப்பெட்டியின் உறைப்பகுதி மூட முடியாத அளவுக்கு இறைச்சிப் பைகள். அது நிறைந்ததும் கீழ்த் தட்டுகளிலும் அடைக்கின்றோம். காற்றோட்டம் இல்லாமல் போய் உள்ளே குளிர் சரியாகப் பரவுவதில்லை. மேல் தட்டிலிருந்து இரத்தநீர் சொட்டிப் பாலும் காய்கறியும் கெடுகின்றன. "பெரிய பிரிட்ஜ் வாங்க வேண்டும், வைக்க இடமில்லை" என்று அப்போது ஒரு பேச்சு எழும். ஓராண்டு மதீனாவுக்கு வறியோர் பலர் வந்திருந்தபோது மூன்று நாள்களுக்கு மேல் குர்பானி இறைச்சியைச் சேமிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த நெருக்கடி நீங்கிய பின், உண்ணுங்கள், சேமியுங்கள், தர்மம் செய்யுங்கள் என்ற கருத்தில் அனுமதித்தார்கள் (முஸ்லிம்). ஆக, சேமிப்பது கூடும். ஆனால் நம் தெருவில் வறியோர் வந்து சேராத ஆண்டு எது? உறைப்பகுதியில் அடங்குவது எவ்வளவோ அவ்வளவு நமக்கு, மிச்சம் வெளியே என்று வைத்துக்கொண்டால், சிறிய குளிர்ப்பெட்டி நம் பங்கைத் தானே அளந்து கொடுத்துவிடும். எடுத்து வைப்பதையும் ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்துத் தட்டையாகக் கட்டி வைத்தால் இடமும் குறையும், விரைவில் உறையவும் செய்யும்.

இவ்வளவு சொல்லியும், அந்த அறையில் யார் நிற்கின்றார் என்பதைச் சொல்லாவிட்டால் பயனில்லை. இன்று அலமாரிகள் பொருத்திய மாடுலர் சமையலறை என்று விற்கப்படுவதன் முன்னோடி, 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறையாகும். அதன் அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், ஏறத்தாழ 70 சதுர அடி. அரிசி முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் என, வீணாக நடக்கும் ஒவ்வோர் அடியையும் மிச்சப்படுத்தும் நோக்கில் அது அமைந்தது. அந்த நுணுக்கத்தைப் பாராட்டலாம். ஆனால் அது ஒருவர் மட்டும் வேலை செய்வதற்கான அறை. பெண்ணை வீட்டின் மற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனியாக நிறுத்திவிட்டது என்ற விமர்சனம் பிற்காலத்தில் அதன் மீது எழுந்தது. நம் வீட்டுச் சமையலறைகளில் அந்தத் தனிமையை உண்டாக்க எந்தக் கட்டடக் கலைஞரும் தேவைப்படவில்லை. நாமே செய்துகொண்டோம்.

வளைகுடாவில் வேலை செய்த நம் ஆண்களுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும். துபாய் தேராவிலும் ரியாத் பத்ஹாவிலும் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கும் அறைகளில் பொதுவான சமையலறை ஒன்றுதான். இன்று இவர் முறை, நாளை அவர் முறை. ஒருவர் அரிசி களைவார், மற்றவர் கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவார், மூன்றாமவர் பாத்திரம் தேய்ப்பார். சமைத்து முடித்தவர் அடுத்தவர் வருமுன் அடுப்பைத் துடைத்து வைத்தே தீர வேண்டும்; இல்லாவிட்டால் அறையில் பஞ்சாயத்துதான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இப்படி ஒரு குறுகிய சமையலறையை ஒழுங்காக நடத்தியவர், விடுமுறையில் ஊருக்கு வந்ததும் தண்ணீர்க் குவளையைக்கூடக் கூடத்திலிருந்தபடியே கேட்பது எதனால்? கைக்குத் தெரிந்த வேலை விமானத்தில் வரும்போது மறந்துவிடுமா?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) பதிலளித்தார்கள் (புகாரி). "இருவர் நிற்க இடமில்லையே" என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. சமையலில் பாதி வேலைக்கு அடுப்பே தேவையில்லை. பூண்டு உரிப்பதும், கீரை ஆய்வதும், தேங்காய் துருவுவதும், மீன் கழுவுவதும், பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவதும் அந்த அறைக்கு வெளியே நடக்கக் கூடியவை. கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இவற்றை முடித்துக் கொடுத்தால், உள்ளே அடுப்பும் அதன் முன் ஒருவரும் மட்டும் மிஞ்சுவார்கள். 50 சதுர அடி அதற்குத் தாராளம். மாமியாரும் மருமகளும் ஒரே மேடைக்குப் போட்டியிடும் வீடுகளில் காலைச் சமையல் ஒருவருக்கு, இரவுச் சமையல் ஒருவருக்கு என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டால் பல சண்டைகளுக்கு வேலை இருக்காது. ஊரில் தனியாக விடப்பட்டிருக்கும் அந்தத் தாயும் வந்து, கட்டிலில் உட்கார்ந்தபடியே கீரை ஆய்ந்து கொடுப்பார்.

எரிவாயு விஷயத்தில் மட்டும் சிறிய சமையலறைக்குச் சலுகை கிடையாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாடை வந்தால் மின்விசைப் பொத்தான் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை அடைத்து, கதவு சன்னலைத் திறந்து, வெளியே சென்று 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். உறங்கப் போகுமுன் பாத்திரங்களை மூடவும் நெருப்பை அணைக்கவும் நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். இரவில் ரெகுலேட்டரை அடைத்துவிட்டுப் படுப்பது இக்காலத்தில் அந்த ஏவலுக்குள் அடங்கும் என்றே நாம் கருதுகின்றோம்.

நம்மில் வீட்டு உரிமையாளர்களாக இருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஒரு வீட்டை நான்காகப் பிரித்து வாடகைக்கு விடும்போது, படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலையை மறைத்துச் சமையலறை என்று காட்டுகின்றீர்கள். சன்னல் இல்லை, புகை போக வழியில்லை. சுவரில் ஒரு துளையிட்டுப் புகை வெளியேற்றும் மின்விசிறி பொருத்த ஒரு மாத வாடகைகூட ஆகாது. குடியிருப்பவர் கேட்டால் "நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்கின்றீர்கள். அந்தப் புகையில் நிற்பவர் உங்கள் சகோதரரின் மனைவியாகவோ மகளாகவோ இருந்தால் அப்படிச் சொல்வீர்களா?

பெரிய வீட்டுக்கு ஆசைப்பட்டு வட்டிக் கடனில் இறங்குவோரின் எண்ணிக்கையும் நம்மிடையே கூடித்தான் வருகின்றது. பளபளக்கும் அலமாரிகளோடு மாடுலர் சமையலறை, தவணையில்! வட்டியின் கடுமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, மாதம் பிறந்ததும் அலமாரிக்கு வட்டி கட்டுகின்றோம். அந்த அலமாரிக்குள் என்ன இருக்கின்றது என்று பார்த்தால், பரணில் இருந்த அதே பிரிக்காத டின்னர் செட்.

கடைசியாக, விருந்துக்குச் செல்வோரின் கடமை. விருந்தளிப்பவருக்குச் சிரமம் உண்டாகும் அளவுக்கு அவரிடம் தங்கியிருப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கின்றார்கள். சிறிய சமையலறை உள்ள வீட்டுக்குச் செல்லும்போது நம் வீட்டிலிருந்து ஓர் ஆணத்தையோ இனிப்பையோ தூக்கில் எடுத்துச் செல்லலாம். ஆட்டுக் குளம்பானாலும் அண்டை வீட்டாரின் அன்பளிப்பை அற்பமாக எண்ண வேண்டாம் என்பது நபிமொழியின் கருத்து; ஆதலால் கொண்டு போவதிலும் வாங்கிக்கொள்வதிலும் கூச்சம் தேவையில்லை. சாப்பிட்டெழுந்ததும் சஹனை நாமே எடுத்துக் கழுவி வைக்கலாம். வந்த இடத்தில் சோறும் பருப்பாணமும் இருந்தால் அதை மகிழ்ச்சியோடு சாப்பிட்டு, "பிரியாணி இல்லையா?" என்று சிரிப்புக்காகக்கூடக் கேட்காமல் திரும்பினால், அந்த வீட்டார் அடுத்த மாதமும் நம்மை அழைப்பார்கள், இன்ஷா அல்லாஹ்.